“மனைவி எங்கே?” என்று கேட்டார்கள்

முகப்பில் இருந்த மலாய்ப் பெண் என் கையிலிருந்த கடிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

“இஸ்திரி என்சிக் மானா?”

என் மனைவி பின்னால்தான் நின்றிருந்தாள். “நான்தான் மனைவி. ஆனால் மேமோகிராம் அவருக்கு,” என்று மலாயில் அவளே பதில் சொன்னாள். அந்தப் பெண் கடிதத்தை இன்னொரு முறை படித்தார். முகம் சிவந்துவிட்டது. “மாஆஃப், என்சிக்” என்று இரண்டு மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. அந்தக் கூடத்தில் இருந்த நாற்காலிகள் எல்லாவற்றிலும் பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் என்று இருந்த நான்கைந்து பேரும் மனைவியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள்.

2009ஆம் ஆண்டில் நானும் வேறொரு மருத்துவமனையில் அப்படிச் சுவரோரமாக நின்றவன்தான். அன்று என் கையில் இருந்தது அக்காவின் பை. தெலுக் இந்தானிலிருந்து சிகிச்சைக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். மார்பகப் புற்றுநோய். வயது 46. மேமோகிராம், ஸ்கேன், கீமோ என்று எல்லாவற்றுக்கும் நான்தான் கார் ஓட்டினேன். 2011இல் அவரைப் பறிகொடுத்தோம். அந்த இரண்டு ஆண்டுகளில் மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்புச் சுவரொட்டிகளை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. கட்டி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு. எல்லாம் மனப்பாடம். அவை என் உடம்பைப் பற்றியும் பேசுகின்றன என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

சட்டைப் பையின் மேல் பழி

கிள்ளான் துறைமுகத்தில் சுங்கப் பத்திரங்கள் பார்க்கும் ஃபார்வர்டிங் அலுவலகத்தில் எனக்கு வேலை. முப்பது வருடமாகச் சட்டையின் இடது பையில் இரண்டு பேனா, கைப்பேசி, மடித்த ரசீதுகள். 2022இன் தொடக்கத்தில், குளிக்கும்போது இடது மார்பில் சோப்பு ஏதோ ஒன்றின் மேல் ஏறி இறங்கியது. காம்புக்குச் சற்று வெளிப்புறமாக, கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. பேனாவும் கைப்பேசியும் அழுத்தி அழுத்தி வந்திருக்கும் என்று முடிவு செய்தேன். கைப்பேசியைக் கால்சட்டைப் பைக்கு மாற்றினேன். வைத்தியம் முடிந்தது என்று நினைத்தேன்.

வலி இல்லாததுதான் என்னை ஏமாற்றியது. வலித்தால் ஓடியிருப்பேன். நம் ஆட்களுக்குப் பல் வலி ஒன்றுதான் உண்மையான நோய்.

மூன்று மாதம் கழித்து, தாமானில் இருக்கும் தனியார் கிளினிக்கில் இருமலுக்கு மருந்து வாங்கப் போனபோது, போகிற போக்கில் கட்டியையும் காட்டினேன். மருத்துவர் சட்டைக்கு மேலாகவே தொட்டுப் பார்த்தார். கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்றார். பூசிக்கொள்ள ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் மேல் மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். எனக்கே உறைக்கவில்லை.

கடைசியில் பார்த்தது மனைவி. ஒரு நாள் பனியன் மாற்றிக்கொண்டிருந்தபோது, “இது என்னங்க, ஒரு பக்கம் மட்டும் உள்ளே போயிருக்கு?” என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். இடது காம்பு, தைத்த துணியில் நூலைப் பிடித்து இழுத்தால் சுருங்குமே, அதுபோல் உள்வாங்கியிருந்தது. அப்போது மாதம் ஆகஸ்ட். மறுநாள் காலையில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி எண் எடுத்தோம்.

அங்கே இருந்தவர் என் மகள் வயதுள்ள பெண் மருத்துவர். சட்டையைக் கழற்றச் சொன்னார். இரண்டு பக்கமும் பார்த்தார். உட்கார வைத்து, படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, அக்குளுக்குள் விரல்விட்டுப் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி: “அங்கிள், உங்க குடும்பத்துல யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்திருக்கா?”

நான் வாய் திறப்பதற்குள் மனைவி அழுதுவிட்டாள்.

திருநீற்றையும் துடைக்கச் சொன்னார்கள்

ஆணுக்கு எதற்கு மேமோகிராம் என்று நானும் கேட்டேன். அந்த இளம் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஆண் பிள்ளைகளுக்கும் காம்புக்குப் பின்னால் கொஞ்சம் மார்பகத் திசு உண்டு. சிறு குழாய்கள் சில இருக்கும். பெண்களைப் போல் அவை வளர்வதில்லை, அவ்வளவுதான். குழாய் இருக்கும் இடத்தில் புற்றுநோயும் வரலாம். மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் ஆண். இவ்வளவு அரிது என்பதால்தான் எல்லா ஆண்களையும் அழைத்துப் பெண்களைப் போல வழக்கமான சோதனை செய்வதில்லை. ஆனால் அறிகுறி என்று ஒன்று வந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. 25 வயதைத் தாண்டிய ஆணுக்குச் சந்தேகமான கட்டி என்றால் முதலில் மேமோகிராம். அதைவிடச் சின்ன வயசு என்றால் முதலில் அல்ட்ராசவுண்ட். என்னைப் போல் தொட்டாலே சந்தேகம் தருகிற கட்டி என்றால் வயது பார்ப்பதில்லை, இரண்டும் செய்துவிடுவார்கள்.

மேமோகிராம் அறைக்குப் போகுமுன் நிரப்ப ஒரு பாரம் கொடுத்தார்கள். கடைசி மாதவிலக்கு எந்தத் தேதியில், எத்தனை குழந்தைகளுக்குப் பாலூட்டினீர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா. எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று எழுதிக்கொண்டு வந்தேன். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள். ஆண்களுக்கென்று தனிப் பாரம் அச்சடித்தால் என்ன என்று இப்போதும் தோன்றுகிறது. காகிதம்தானே. ஆனால் அந்தச் சிரிப்பு அன்று தேவைப்பட்டது.

உள்ளே ரேடியோகிராபர் ஒரு மலாய்ப் பெண், நாற்பது வயதிருக்கும். “ஆண்கள் இங்கே வருவது உண்டு, நீங்கள் முதல் ஆள் இல்லை,” என்று கதவை மூடியதுமே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை இன்றும் நினைக்கிறேன். பவுடர், வாசனைத் தெளிப்பு ஏதாவது போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். பவுடர் போட்டிருந்தேன். அதன் துகள்கள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து, உள்ளே இருக்கும் சுண்ணாம்புப் படிவுபோல் தோன்றி மருத்துவரைக் குழப்பிவிடுமாம். ஈரத் துணி கொடுத்தார். நெஞ்சில் பூசியிருந்த திருநீற்றைக் காட்டி, அதையும் துடைக்கச் சொன்னார். கொஞ்சம் தயங்கிவிட்டுத் துடைத்தேன்.

பிறகு கட்டியின் மேல் மிளகு அளவிலான ஓர் உலோக மணியை ஒட்டினார். கையில் தட்டுப்படும் கட்டி படத்தில் எங்கே இருக்கிறது என்று அடையாளம் தெரிவதற்காக. இயந்திரத்தின் முன் நிறுத்தி, என் மார்பை முன்னால் இழுத்து ஒரு தட்டின் மேல் வைத்தார். ஆணுக்கு என்னத்தை வைப்பது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மார்புத் தசையோடு சேர்த்துப் பிடித்து இழுக்கிறார்கள், கிடைத்துவிடுகிறது. மேலிருந்து இன்னொரு கண்ணாடிப் பலகை இறங்கி அழுத்துகிறது. வலிக்கிறது என்று சொல்வதா, நெருக்குகிறது என்று சொல்வதா தெரியவில்லை. கதவிடுக்கில் சதை மாட்டிக்கொண்ட மாதிரி. “தாஹான் நாஃபாஸ்” என்றார். மூச்சைப் பிடித்தேன். ஐந்தாறு நொடி. பலகை தானாக மேலே போய்விட்டது.

மேலிருந்து கீழாக ஒன்று, பக்கவாட்டில் சாய்வாக அக்குளும் தெரிய ஒன்று. பிறகு நன்றாக இருக்கும் வலது பக்கத்துக்கும் அதே இரண்டு. ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தானே வித்தியாசம் தெரியும். மொத்தம் நான்கு படம். கதிரியக்கம் ஆபத்தில்லையா என்று கேட்டேன். சாதாரணமாக மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் சில வாரங்களில் நம் மேல் படும் அளவுதான் என்றார். கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. இந்தக் கால்மணி நேரத்துக்குப் பயந்துதான் ஏழு மாதம் ஓட்டினேன் என்று சொன்னால் அதுகூடச் சரியில்லை. நான் பயந்தது இயந்திரத்துக்கு அல்ல. அந்தக் கூடத்தில் யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்றுதான்.

அன்றே பக்கத்து அறையில் அல்ட்ராசவுண்ட். ரேடியாலஜிஸ்ட் சீனர், அதிகம் பேசாதவர். குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை மெல்ல நகர்த்தினார். கட்டி இருந்த இடத்தில் நின்றார். திரையில் கறுப்பாக, ஓரம் ஒழுங்கில்லாமல் ஒன்று தெரிந்தது. அளந்தார். பிறகு அக்குளுக்குப் போனார். அங்கேயும் நின்றார். அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கிவிட்டது. அக்காவோடு போன நாள்களில் இந்த மௌனத்தை நான் கேட்டிருக்கிறேன்.

விசிறியும் நெருஞ்சி முள்ளும்

படங்களைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. திரையில் வலது பக்கம் சாம்பல் நிறத்தில் வெறும் கொழுப்பும், காம்புக்குப் பின்னால் மெல்லிய கீற்றும் மட்டும். இடது பக்கத்தில், காம்பை விட்டு விலகி, அடர்த்தியான ஒரு வெள்ளை உருண்டை. அதன் ஓரமெல்லாம் நெருஞ்சி முள் மாதிரி சுற்றிலும் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு முள் காம்பைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணு நல்ல நிலையில் அவரைக்கொட்டை வடிவத்தில் இருக்க வேண்டுமாம். எனக்கு ஒன்றில் மட்டும் மேல்தோல் தடித்துப்போயிருந்தது.

“ஆண்களில் பெரும்பாலோருக்கு இப்படி இருக்காது,” என்று அவரே சொன்னார். மார்பு வீக்கம், கட்டி என்று வரும் ஆண்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கைனகோமாஸ்டியா என்ற தீங்கில்லாத வளர்ச்சிதான் இருக்கும். அது காம்புக்கு நேர் பின்னால், விசிறியை விரித்தாற்போல், அல்லது தீச்சுடர்போல் தெரியும். ஓரத்தில் கொழுப்போடு கொழுப்பாகக் கரைந்து போய்விடும். சிலருக்கு அந்தத் திசுகூட இருக்காது. உடல் பருத்ததால் சேர்ந்த வெறும் கொழுப்பு. இந்த இரண்டையும் புற்றுநோயிலிருந்து பிரித்துக் காட்டுவதில் மேமோகிராம் ஆண்களுக்கு மிக நன்றாகவே வேலை செய்கிறது. மேமோகிராமில் விசிறி மட்டும் தெளிவாகத் தெரிந்தால், பல பேருக்கு அதற்கு மேல் ஒன்றும் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

என் அறிக்கையில் பைராட்ஸ் 5 என்று எழுதியிருந்தது. மார்பகப் படங்களுக்கு உலகம் முழுக்க வழங்கும் ஒரு வகைப்பாடு அது. 1 என்றால் ஒன்றுமில்லை, 2 என்றால் இருப்பது தீங்கில்லாதது. 5 என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் புற்றுநோயாக இருக்கும் என்று பொருள். ஆனால் எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் படத்தை மட்டும் வைத்து யாரும் அறுவை செய்வதில்லை. சதையை எடுத்துப் பார்த்தாக வேண்டும். அடுத்த வாரம் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் வேறோர் ஊசியைச் செலுத்தினார்கள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ‘டக்’ என்று சத்தம். நான்கு முறை கட்டியில், இரண்டு முறை அக்குளில். சத்தத்துக்கு உடம்பு தூக்கிப் போட்டதே தவிர, வலியில்லை.

பத்து நாளில் முடிவு வந்தது. அதன் பிறகு நடந்ததை நீட்டி எழுத விருப்பமில்லை. இடது மார்பை எடுத்தார்கள். கீமோ கொடுத்தார்கள். ஆண்களுக்கு வரும் இந்தப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகையாம், எனக்கும் அப்படியே. தினமும் ஒரு டெமோக்சிஃபென் மாத்திரை. மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வருமே, அந்தத் திடீர்ச் சூடு எனக்கும் வருகிறது. அலுவலகத்தில் எல்லோரும் குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொல்வார்கள், நான் கூட்டச் சொல்வேன். ஏழு மாதம் முன்னாலேயே வந்திருந்தால் அக்குளுக்குப் போயிருக்காதா என்று அறுவை மருத்துவரிடம் ஒரு முறை கேட்டேன். “அதை யாராலும் சொல்ல முடியாது,” என்றார். இரக்கத்தில் சொன்னாரா, உண்மையிலேயே தெரியாதா என்று இன்னும் யோசிக்கிறேன்.

மகன் சொல்லாத விஷயம்

மறு ஆண்டு மகன் வந்து நின்றான். வயது 21, கல்லூரி கடைசி வருடம், ஜிம் பைத்தியம். இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டி, “அப்பா, எனக்கும் இருக்கு,” என்றான். இரண்டு மார்பிலும். தொட்டால் வலிக்கிறது என்றான். அந்த இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

மறுநாள் மருத்துவர் அவனைப் படுக்க வைத்து, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரு பக்கமிருந்தும் காம்பை நோக்கி மெல்லச் சேர்த்துப் பார்த்தார். காம்புக்கு நேர் கீழே, ரப்பர் வில்லை மாதிரி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல். இப்படித் தெளிவாகக் கைனகோமாஸ்டியா என்று கைக்கே தெரிந்தால் எந்தப் படமும் எடுக்கத் தேவையில்லை என்பதுதான் வழக்கமாம். குடும்பத்தில் நானும் அக்காவும் இருந்ததால் அல்ட்ராசவுண்ட் மட்டும் செய்து பார்த்துவிடலாம் என்றார். மேமோகிராம் வேண்டாமா என்று நான் பதறினேன். “இந்த வயசுல வேண்டாம் சார். ஸ்கேனே போதும்,” என்றார். ஸ்கேனில் இருந்தது விசிறிதான். முள் இல்லை.

ஆனால் விசிறி ஏன் வந்தது என்பது அடுத்த கேள்வி. மருத்துவர் என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றான். மறுபடி கேட்டார். மறுபடியும் ஒன்றும் இல்லை. அவர் என்னைப் பார்த்து, “சார், நீங்க கொஞ்சம் வெளியே இருக்கீங்களா?” என்றார். வெளியே போய் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் கழித்து அவன் கண் கலங்கி வந்தான். உடம்பு ஏற வேண்டும் என்று ஜிம்மில் ஒருவன் கொடுத்த ஊசியை நான்கு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். உடம்பு அந்த அளவு கடந்த ஆண் ஹார்மோனில் ஒரு பகுதியைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது. மார்பு வீங்குகிறது. வெளியே உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வண்டியில் திரும்பும்போது கோபம் போய்விட்டது. நான் என் கட்டியை ஏழு மாதம் மறைத்தேன். அவன் ஒரு வாரத்தில் கதவைத் தட்டிவிட்டான்.

மருத்துவர் அன்று சொன்ன பட்டியல் வீட்டில் எல்லோருக்கும் பயன்பட்டது. இருதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் ஸ்பைரனோலேக்டோன் மார்பை வீங்க வைக்கும். என் அலுவலக நண்பருக்கு அதுதான் காரணம். மருந்தை மாற்றிக் கொடுத்ததும் வலி நின்றது. அவராக நிறுத்தவில்லை, இருதய மருத்துவரைக் கேட்டுத்தான். புராஸ்டேட்டுக்கும் முடி கொட்டுவதற்கும் எடுக்கும் ஃபினாஸ்டரைடு இன்னொன்று. மனநலத்துக்கான சில மருந்துகளும் உண்டு. கல்லீரல் கெட்டாலும் வரும். எங்கள் தோட்டத்தில் சம்சு குடித்தே அழிந்த பெரியவர்கள் சிலருக்கு வயிறு ஊதி, மார்பும் பெண் பிள்ளை மாதிரி இருந்ததைச் சிறு வயதில் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அது நோயின் அடையாளம் என்று யார் எங்களுக்குச் சொன்னார்கள்? சில சமயம் விரையில் வரும் கட்டிகூட மார்பு வீக்கமாகத்தான் முதலில் தலைகாட்டும். அதனால்தான் மகனுக்கு அங்கேயும் சோதித்துப் பார்த்தார்கள். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

பதின்ம வயதுப் பையன்களை வைத்திருக்கும் தாய்மார்கள் இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். பருவம் அடையும்போது பாதிக்கும் மேற்பட்ட பையன்களுக்கு மார்பு கொஞ்சம் வீங்கும். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் அடங்கிவிடும். அவர்களுக்குத் தேவை ஸ்கேன் அல்ல, வீட்டில் கேலி செய்யாத மனிதர்கள். ஆனால் வளர்ந்த ஆணுக்கு ஒரு பக்கம் மட்டும், கெட்டியாக, காம்பை விட்டு விலகிக் கட்டி இருந்தாலோ, காம்பு உள்ளே போனாலோ, பனியனில் ரத்தக் கறை பட்டாலோ, அது வேறு கதை. பாடகி பியான்சேயின் தந்தை மேத்யூ நோல்ஸ் அப்படித்தான் கண்டுபிடித்தார். பனியனில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். மேமோகிராம் எடுத்தார். 2019இல் தொலைக்காட்சியில் வந்து தமக்கு மார்பகப் புற்றுநோய் என்று சொன்னார். என் மகள் அந்தப் பேட்டியை எனக்குப் போட்டுக் காட்டினாள். அவருக்கு இருந்த மரபணுக் கோளாறின் பெயர் பி.ஆர்.சி.ஏ. 2.

எனக்கும் அதுதான் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அக்காவுக்கும் இருந்திருக்க வேண்டும். அவர் காலத்தில் எங்களிடம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்தக் கோளாறு உள்ள ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு முதல் எட்டுப் பேருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரலாம். மற்ற ஆண்களுக்கு அது ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான். புராஸ்டேட்டையும் கவனித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது போயிருக்க வாய்ப்பு சரிபாதி. மகளுக்கு வயது 27, கோலாலம்பூரில் கணக்காய்வாளர். பெண் என்பதால் அவளுக்கு ஆபத்து எனக்கு இருந்ததைவிடப் பல மடங்கு. பரிசோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்று ஒரு வருடம் யோசித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி சொல்லிப் பார்த்தாள், பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள். சொந்தக்காரர்களில் ஒருவர், கல்யாணத்துக்கு முன்னால் இதையெல்லாம் ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்டார். மகள் அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த மாதம் ரத்தம் கொடுக்கத் தேதி வாங்கியிருக்கிறாள். இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

எனக்கு மரபணுக் கோளாறு இருப்பதால், எஞ்சியிருக்கும் வலது பக்கத்துக்கு வருடத்துக்கு ஒரு மேமோகிராம். இந்த வருடம் மகள்தான் கூட வந்தாள். முகப்பில் புதிய பெண். என் கடிதத்தைப் பார்த்துவிட்டு மகளிடம் எண் சீட்டை நீட்டினார். மகள் அதை வாங்கி என்னிடம் கொடுத்தாள். உட்கார்ந்தோம்.

சுவரோரமாக ஓர் இளைஞர், முப்பது வயதிருக்கும், அலுவலக அட்டை கழுத்தில் தொங்க நின்றுகொண்டிருந்தார். கையில் யாருடைய பையும் இல்லை. திரையில் ஒரு எண் மின்னியது. யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி மின்னியது. தாதி வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த இளைஞர் கையிலிருந்த சீட்டை மடித்துக்கொண்டே இருந்தார்.

எழுந்து பக்கத்தில் போனேன். “தம்பி, உங்க நம்பரா?”

என்னைப் பார்த்தார். தலையசைத்தார்.

“உள்ளே சட்டையைக் கழற்றணுமா அங்கிள்?”

“ஆமா. பவுடர் போட்டிருந்தா முதல்ல துடைச்சிடுங்க,” என்றேன்.